தில்லிக் குளிரில் ஒரு குரோட்டன்ஸ்

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்கத்தில் பழக்கமான ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அவருக்குப் புணேவுக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. நவராத்திரி முடிந்ததும் கிளம்புகிறார்கள். பெரியவர்கள் வாடகை, பள்ளிக்கூடம், லாரிச் செலவு என்று பேசிக் கொண்டிருக்க, எட்டாம் வகுப்புப் படிக்கும் அவர்களுடைய பெண் மட்டும் பால்கனியில் ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து ஓர் இலையை நகத்தால் சுரண்டிக் கொண்டிருந்தாள்.

"என்னம்மா பாக்கறே?" என்றேன்.

"இது பெயிண்ட் தெறிச்சதா, இல்ல இலையே இப்படித்தானா, தாத்தா?"

இலையே இப்படித்தான் என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. கரும்பச்சை இலை, அதன் மேல் யாரோ தூரிகையை மஞ்சள் வர்ணத்தில் தோய்த்து உதறிய மாதிரி சிறியதும் பெரியதுமாகப் புள்ளிகள். ஓர் இலையில் இருக்கிற மாதிரி இன்னோர் இலையில் இல்லை.

அதற்குள் அவளுடைய அம்மாவும் எழுந்து வந்து விட்டாள். "மாமா, இதோட விதை இருந்தா நாலு குடுங்களேன். புணே போய்ப் போட்டுக்கறோம்."

"விதை வேண்டாம்மா. செடியையே தரேன்" என்றேன்.

விதைக்கும் செடிக்கும் என்ன வித்தியாசம், விதை போட்டாலும் செடிதானே வரும் என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. என் மனைவி இரண்டு தடவை காபி போட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் தில்லியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு மாணவி கிடைத்தது மகிழ்ச்சியாக இருந்தது. அன்று அவளிடம் சொன்னதையும், அவளிடம் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

குரோட்டன்ஸைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. நம் பக்கத்துத் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், ரயில் நிலையம், அரசினர் பள்ளி எதை எடுத்துக் கொண்டாலும் வாசலில் காவி பூசிய தொட்டிகளில் இரண்டு வரிசை குரோட்டன்ஸ் நிற்கும். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கலந்து கட்டிய இலைகள். எங்கும் இருப்பதாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதை 'பாதாபாஹார்' என்றால் தெரியும். இலையின் அழகு என்று பொருள். பூவுக்காக அல்லாமல் இலைக்காகவே வளர்க்கும் செடிக்கு வங்காளிகள் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாம் சொல்லும் 'குரோட்டன்ஸ்' என்ற பெயர் அத்தனை பொருத்தமில்லை. சொல்லப் போனால் அது தவறான பெயரே. குரோட்டன் என்று தாவரவியலில் வேறோர் இனம் இருக்கிறது. நம் நாட்டு வைத்தியர்கள் பேதிக்குப் பயன்படுத்தும் நேர்வாளம் அந்த இனத்தைச் சேர்ந்தது. 'குரோட்டன்' என்றால் கிரேக்க மொழியில் உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக் கொண்டிருக்குமே, அதேதான். விதை அதைப் போல் இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. வேடிக்கை என்னவென்றால், ஆமணக்கின் தாவரவியல் பெயரான 'ரிசினஸ்' என்பதற்கும் லத்தீனில் உண்ணி என்றுதான் அர்த்தம். அடுத்த முறை ஆமணக்கு விதை கையில் கிடைத்தால் உற்றுப் பாருங்கள்; பெயர் வைத்தவன் ஏன் வைத்தான் என்று புரியும்.

நம் தோட்டத்துச் செடியின் சரியான பெயர் கோடியேயம் வேரிகேட்டம். மலேயாத் தீவுக் கூட்டத்தின் கிழக்குப் பகுதி, பசிபிக் கடலின் மேற்குத் தீவுகள், ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு ஓரம் ஆகியவை இதன் தாயகம். மொலுக்கஸ் தீவுகளில் மக்கள் இதைக் 'கோடிஹோ' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை முதலில் எழுதி வைத்தவர் ரம்ஃபியஸ். டச்சுக் கம்பெனியில் வேலை பார்க்க அம்போன் தீவுக்குப் போன ஜெர்மானியர் இவர். 1670இல் இவருக்குக் கண் பார்வை போயிற்று. 1674 பூகம்பத்தில் மனைவியையும் ஒரு மகளையும் இழந்தார். 1687இல் தீ விபத்தில் அவருடைய செடிப் படங்கள் எரிந்து போயின. மறுபடி எழுதச் சொல்லி, வரையச் சொல்லி அனுப்பிய கைப்பிரதி, 1692இல் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்த கப்பலோடு கடலுக்குள் போயிற்று. நல்ல வேளை, அதற்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். மனிதர் விடவில்லை. அவர் 1702இல் இறந்தார். புத்தகம் 1741இல்தான் வெளிவரத் தொடங்கியது. நகல் எடுத்து வைத்திருந்தார்கள் என்று சொன்னேனே, அதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் என் கதையிலும் அந்த விஷயம் வருகிறது.

1753இல் லின்னேயஸ் இந்தச் செடியைக் குரோட்டன் இனத்தில் சேர்த்தார். 1824இல் ஜூஸ்யூ என்னும் பிரெஞ்சுக்காரர் அதைப் பிரித்துக் கோடியேயம் ஆக்கினார். ஆனால் தோட்டக்காரர்கள் பழைய பெயரை விடவில்லை. 1860களில் ஜான் கூல்ட் வீச் என்பவர் பசிபிக் தீவுகளிலிருந்து பல வகைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். பணக்காரர்களுடைய கண்ணாடி வீடுகளில் இது பெரிய மோகமாகப் பரவியது. அப்போது பரவிய பெயர்தான் இன்று நம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் வரை வந்திருக்கிறது.

பெயருள்ள வகைகள் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அகல இலையில் சிவப்பும் மஞ்சளுமாக நரம்பு ஓடும் 'பெட்ரா'வைத்தான் இன்று எந்த நர்சரியிலும் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். திருகு சுருளாக முறுக்கிக் கொள்ளும் இலை உண்டு. ஒரு வகையில் இலை பாதியில் நின்று, நடுநரம்பு மட்டும் கம்பி மாதிரி கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி ஒரு குட்டி இலை தொங்கும். குழந்தைகளுக்கு அதைக் காட்டினால் விட மாட்டார்கள். எங்கள் பால்கனியில் இருப்பது 'கோல்ட் டஸ்ட்', அதாவது தங்கத்தூள். ஜப்பானிலிருந்து வந்த ஆக்யூபா என்னும் செடியின் இலை இப்படிப் புள்ளி போட்டிருக்கும் என்பதால் இதற்கு 'ஆக்யூபிஃபோலியம்' என்ற பெயரும் உண்டு. குரோட்டன்ஸ் வகைகளில் கொஞ்சம் நிழலையும் பொறுத்துக் கொள்ளக் கூடியது என்பதால் அடுக்கு மாடி வீட்டுக்காரர்களுக்கு இது ஏற்றது.

அந்தப் பெண் கேட்டாளே, பெயிண்டா என்று. இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால். இலைக்குள் மஞ்சள் நிறமியும் எப்போதும் இருக்கிறது. பச்சையம் அதை மூடிக் கொண்டிருக்கும். தங்கத்தூள் இலையில் அங்கங்கே பச்சையம் குறைவு. அங்கே உள்ளேயிருக்கும் மஞ்சள் வெளியே தெரிகிறது. பெட்ரா போன்ற வகைகளில் இலை முதிர முதிரச் சிவப்பு நிறமியும் சேரும். அதனால்தான் ஒரே செடியில் மேலே பச்சையும் மஞ்சளுமாகவும் கீழே சிவப்பாகவும் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தால் இந்தச் செடி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீணாக்கக் கூடாதென்று இலையில் பச்சையத்தைக் கூட்டிக் கொள்ளும்; நிறம் மங்கும். "மாமா, வாங்கறப்ப நல்லா கலரா இருந்தது, ஹால்ல வெச்சதும் பச்சையாயிடுச்சு" என்று என்னிடம் குறைப்பட்டவர்கள் பலர். நர்சரிக்காரர் ஏமாற்றவில்லை, ஹாலில் வெளிச்சம் போதவில்லை.

இனி விதை விஷயம். குரோட்டன்ஸ் பூக்குமா என்று கேட்பவர்கள், அது பூத்திருக்கும்போது பார்த்தும் பார்க்காதவர்கள். நூல் போல நீண்ட பூங்கொத்து வரும். ஒரு கொத்தில் ஆண் பூக்கள், வெள்ளையாகப் பஞ்சு போல மகரந்தக் கம்பிகள். இன்னொரு கொத்தில் பெண் பூக்கள், இதழே இல்லாமல். இரண்டும் ஒரே செடியில் வேறு வேறு கொத்தாக இருக்கும். காய்த்தால் ஒரு காய்க்கு மூன்று விதை. ஆமணக்கு மாதிரியே. இரண்டும் ஒரே குடும்பம்தான். மரவள்ளியும் ரப்பரும் குப்பைமேனியும் கூட அந்தக் குடும்பமே.

அந்த விதையைப் போட்டால் முளைக்கும். ஆனால் முளைப்பது தங்கத்தூளாக இருக்காது. மகரந்தம் ஒரு பக்கத்திலிருந்து, சூல் ஒரு பக்கத்திலிருந்து. இரண்டும் கலந்து சீட்டுக் கட்டைக் குலுக்கிப் போட்ட மாதிரி ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாக வரும். ஒன்று வெறும் பச்சையாக இருக்கலாம், இன்னொன்று நாம் பார்த்தே இராத அழகாகவும் இருக்கலாம். புது வகைகள் பல அப்படி வந்தவைதான். ஆனால் இருக்கிற வகை அப்படியே வேண்டுமென்றால் விதை உதவாது. செடியின் உடம்பிலிருந்தே ஒரு துண்டு எடுத்து வேர்விட வைக்க வேண்டும்.

"அப்போ அது அந்தச் செடியோட குழந்தை, அதானே?" என்றாள் அவள்.

இல்லை. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். விதையிலிருந்து வருவதுதான் குழந்தை. கிளையிலிருந்து வருவது அதே செடி, இன்னோர் இடத்தில். வாழைக்கன்றை எடுத்து நட்டால் அதே வாழைதான். மல்லிகைப் பதியனும் செம்பருத்திக் குச்சியும் அப்படியே. வேர் வேறாகிறது, தொட்டி வேறாகிறது, செடி ஒன்றே.

இந்த இடத்தில் அவளிடம் சொல்லாததைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் செடி என் அம்மா மாயவரத்தில் வைத்தது. ரயில்வே காலனியில் குடியிருந்த ஒரு தோழியின் வீட்டிலிருந்து ஒடித்து வந்து, வாசல் திண்ணையை ஒட்டி நட்டாள். நான் பள்ளிக்கூடம் போகிற நாளிலேயே அது என் உயரத்துக்கு இருந்தது. தெருவில் மேய்கிற ஆடுகள் வேலியில் எதையும் விட்டு வைக்காது; இதை மட்டும் தொட்டதில்லை. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் அக்கம் பக்கத்தார் வந்து இலை கேட்பார்கள். பூச்செண்டு கட்டும்போது ஓரத்தில் வைப்பதற்கு. அம்மா தானே கத்தரித்துக் கொடுப்பாள். யாரையும் ஒடிக்க விட மாட்டாள்.

1987 கோடை விடுமுறை முடிந்து தில்லிக்குத் திரும்பும்போது ஒரு கிளையை வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் கொண்டு வந்தேன். இரண்டு இரவு. நாக்பூரில் ஒரு தடவை துணியை நனைத்தேன். அது பிழைத்தது எனக்கே ஆச்சரியம். 2001இல் அம்மா போனாள். 2004இல் வீட்டை விற்றோம். வாங்கியவர் புதிதாகக் கட்டுவதற்காக மனையைச் சுத்தமாக்கினார். அதில் அவருடைய தவறு ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் அந்தத் தெரு வழியாகப் போனபோது திண்ணையும் இல்லை, செடியும் இல்லை.

ஆக, தில்லியில் என் தொட்டியில் இருந்தது ஒன்றுதான். தாவரவியல் வாத்தியார் நான். பதினெட்டு வருஷமாக வகுப்பில் பதியம் போடுவதைக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன். என் வீட்டுச் செடிக்கு இரண்டாவது பிரதி ஒன்று எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

2005இல் இப்போதிருக்கும் வீட்டுக்குக் குடி வந்தோம். கடைசி மாடி. பழைய வீட்டுப் பால்கனிக்கு மேலே இன்னொரு பால்கனி கூரையாக இருந்தது. இங்கே மேலே வானம்தான். இதுவரை எத்தனையோ குளிர்காலம் தாங்கிய செடிதானே என்று அங்கேயே வைத்துவிட்டேன்.

2006 ஜனவரி 8ஆம் தேதி. தில்லியில் பழகியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சஃப்தர்ஜங்கில் 0.2 டிகிரி, எழுபது வருஷத்தில் அப்படி ஒரு குளிர் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. காலையில் கதவைத் திறந்தால், செடி நின்று கொண்டிருக்கிறது. ஆனால் இலைகள் எல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்த கீரை போலத் துவண்டு தொங்குகின்றன. தொட்டால் ஈரக் கசிவு. மஞ்சள் புள்ளிகள் பழுப்பாகிவிட்டன.

நடந்தது இதுதான். மேகமில்லாத இரவில் திறந்த வெளியில் இருக்கும் எந்தப் பொருளும் தன் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக் கொண்டே இருக்கும். அதனால் இலை, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்து போகும். வானிலை நிலையத்தில் 0.2 என்றால் என் பால்கனி இலையில் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். இலைக்குள் நீர் உறைந்து ஊசி ஊசியாகி, செல்களைக் கிழித்துவிட்டது. தலைக்கு மேல் ஒரு கூரை, ஒரு சாக்கு, ஒரு பழைய வேட்டி இருந்திருந்தால் போதும். விட்ட சூட்டில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கும். பழைய வீட்டில் செடியைக் காப்பாற்றியது என் சாமர்த்தியமல்ல, மேல் வீட்டுக்காரருடைய பால்கனி.

அதோடு விட்டேனா? இன்னொரு தவறும் செய்தேன். இலை வாடியிருக்கிறதே என்று பதற்றத்தில் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். குளிரில் வேர் தண்ணீரை எடுக்காது. இலையும் இல்லாவிட்டால் செலவும் கிடையாது. மண் சொதசொதவென்று கிடந்து வேர் அழுகும். நாலாம் நாள் மண்ணிலிருந்து வாடை வந்த பிறகுதான் புத்தி வந்தது. பத்து நாளில் இலை அத்தனையும் கொட்டிவிட்டது. மூன்று குச்சிகள் மிஞ்சின. காலனி மாலி வந்து பார்த்து, "மர் கயா பாபுஜி, ஃபேங்க் தீஜியே" என்றான். தூக்கி எறியச் சொல்கிறான்.

எறிவதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். எந்தச் செடி செத்ததாகத் தோன்றினாலும் நீங்களும் செய்து பாருங்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பழுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் அந்த இடம் போயிற்று. பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. நுனியிலிருந்து சுரண்டிக் கொண்டே கீழே வந்தேன். இரண்டு குச்சிகள் அடி வரை பழுப்பு. மூன்றாவதில், மண்ணுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஒரு பச்சை.

செத்த பாகத்தை வெட்டினேன். அழுகிய மண்ணை மாற்றி, பாதி ஆற்று மணல் கலந்த புது மண்ணில் வைத்தேன். சமையலறை ஜன்னலோரம் இடம் கொடுத்தோம். அடுப்புச் சூடும் காலை வெயிலும் அங்கே உண்டு. மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. மனைவி தினமும் காலையில் பால் காய்ச்சும்போது அதைத்தான் முதலில் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஹோலி கழிந்த வாரம், பழைய இலை விழுந்த தழும்பின் மேல் கடுகளவு மொட்டு ஒன்று தெரிந்தது. இலை விழுந்தாலும் அதன் கக்கத்தில் தூங்கும் மொட்டு இருக்கும். மேலே நுனி போய்விட்டால் அது விழித்துக் கொள்ளும். முதல் இரண்டு இலையும் ஏறக்குறைய வெறும் பச்சை. எனக்கு அதில் இன்னொரு பயம். குரோட்டன்ஸில் சில சமயம் ஒரு கிளை மட்டும் குணம் மாறிப் பச்சைக்குத் திரும்பிவிடும். செடி பிழைத்து, புள்ளி போய்விட்டால்? சித்திரையில் தொட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்தினேன். ஐந்தாவது இலையில் புள்ளிகள் வந்தன. ஜன்னல் வெளிச்சம் போதாமல்தான் முதல் இலைகள் அப்படி இருந்திருக்கின்றன.

அந்த வருஷ மழைக்காலத்தில் செடி இன்னும் சின்னது. அடுத்த வருஷம், 2007 ஆடியில், மூன்று பதியன் போட்டு மூன்று வீடுகளில் கொடுத்தேன். ஒன்று ஃபரிதாபாத், ஒன்று நொய்டா, ஒன்று பெங்களூரில் என் தங்கை வீடு. அவற்றில் நொய்டாவில் இருந்தது போய்விட்டது. மற்ற இரண்டும் இருக்கின்றன.

தில்லியிலும் சுற்று வட்டாரத்திலும் இந்தச் செடி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பம்பாய், கல்கத்தா வாசகர்களுக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. மண்ணில் நட்டால் ஆளுயரத்தைத் தாண்டும். நமக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஜனவரி, மற்றொன்று மே மாத லூ. பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனாலே இலை கொட்டத் தொடங்கும். ஆகவே டிசம்பர் பிறந்ததும் கூரைக்குக் கீழே, தெற்கு வெயில் படும் சுவரோரம் நகர்த்திவிட வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். கோடையில் காலை வெயில் போதும். பதினொரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். காற்று காய்ந்திருக்கும்போது இலையின் அடியில் செம்பேன் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒட்டடை போல. வாரம் இரண்டு தடவை இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீச்சிக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், குளிர்காலத்தில் அதுவும் கூடாது. இடம் மாற்றினால் கோபித்துக் கொண்டு கொஞ்சம் இலையை உதிர்ப்பது இதன் வழக்கம். அதற்காகத் தினமும் இடம் மாற்றிக் கொண்டிருக்காதீர்கள்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை. இதன் சாறும் இலையும் பட்டையும் விதையும் விஷம். மென்றால் வாய் எரியும், வயிற்றைக் கலக்கும். சிலருக்குச் சாறு பட்ட தோல் தடிக்கும். துணியில் பட்டால் பழுப்புக் கறை விழும், போகாது. வெட்டுகிற வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தவழும் குழந்தை இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள், அல்லது இரண்டு வருஷம் பொறுத்து வாங்குங்கள்.

பதியன் போடும் வேலையை ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணையே வரவழைத்துச் செய்தேன். மழைக்காலக் காற்றின் ஈரமும் சூடும் இதற்குத் தோதானவை. இது விண்பதியம், மண்ணுக்கு வளைக்காமல் கிளையிலேயே வேர்விட வைப்பது.

பென்சில் பருமனுள்ள ஒரு கிளையைப் பொறுக்கினோம். நுனியிலிருந்து ஒரு சாண் கீழே இரண்டு மூன்று இலைகளைக் கிள்ளிவிட்டு, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தோம். உரித்த இடத்தில் வழவழவென்று இருப்பதைக் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காயம் மூடிக் கொண்டு பட்டை மறுபடி சேர்ந்துவிடும். சாறு வடிந்தது, துடைத்தோம். நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை ஒரு பெரிய எலுமிச்சம்பழ அளவுக்கு எடுத்து அந்த இடத்தைச் சுற்றிப் பொத்தி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி, இரு பக்கமும் நூலால் இறுகக் கட்டினோம். ரொம்ப ஈரமாக இருந்தால் அழுகும். பிழிந்தால் சொட்டக் கூடாது, தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

"பட்டையை உரிச்சா கிளை செத்துடாதா?" என்றாள்.

சாகாது. வேரிலிருந்து தண்ணீர் மேலே போவது உள்ளேயிருக்கும் கட்டை வழியாக, சைலம் என்று பாடத்தில் வருமே, அது. அதை நாம் தொடவில்லை. இலையில் தயாராகும் உணவு கீழே இறங்குவது பட்டை வழியாக, ஃபுளோயம். அந்த வழியை மட்டும் அடைத்துவிட்டோம். இலையிலிருந்து வரும் உணவும், வேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் சுரப்பும் வெட்டின் மேல் விளிம்பில் வந்து தேங்கும். அங்கே ஈரமும் இருட்டும் இருக்கின்றன. வேர் வரும். பரீட்சைக்காக அவள் இந்தப் பாடத்தை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருக்கிறாள். கத்தியைப் பிடித்த பிறகுதான் அது செடியைப் பற்றியது என்று தெரிந்தது என்றாள்.

அப்போது அவள் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். செடியின் பின்பக்கம் ஒரு கிளையில் புள்ளியே இல்லை, சுத்தப் பச்சை. நான் கவனிக்கவில்லை. நான் பயந்த குணமாற்றம்தான், இத்தனை வருஷம் கழித்து. பச்சைக் கிளைக்குப் பச்சையம் அதிகம் என்பதால் வேகமாக வளரும். விட்டால் மற்றதை அமுக்கிவிடும். அடியோடு வெட்டச் சொன்னேன். அவளுக்கு மனம் வரவில்லை. "அது பாவம் தாத்தா, தனியா ஒரு தொட்டியில வெக்கலாமே." சரி என்று வெட்டிய கிளையை இலைகளைப் பாதியாக நறுக்கி, சாற்றைக் கழுவி, மணலில் நட்டு வைத்திருக்கிறோம். பிழைத்தால் அவளுடையது.

விண்பதியனை நாற்பதாம் நாள் பார்த்தோம். பிளாஸ்டிக் தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர் சுற்றியிருந்தது. கட்டுக்குக் கீழே வெட்டி, தாளை மட்டும் எடுத்துவிட்டு, நார்த்தூளைக் கலைக்காமல் சின்னத் தொட்டியில் வைத்தாயிற்று. இரண்டு வாரம் நிழலில் இருந்தது. மூன்று இலை உதிர்ந்தது, புதிதாக ஒன்று வந்திருக்கிறது. லாரியில் சாமான்களோடு போட வேண்டாம், ரயிலில் கையோடு கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கிளம்பும் முன்தினம் தண்ணீர் ஊற்றி, தொட்டியின் வாயைச் சாக்குத் துணியால் கட்டி, ஏ.சி.யின் காற்று நேரே படாமல் இருக்கைக்குக் கீழே வைத்தால் போதும்.

இந்த ஆடியில் அவளுடையதைத் தவிர இன்னும் நாலு பதியன் போட்டேன். ஒன்று வேர்விடவில்லை. ஒன்றைக் கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கேட்டிருக்கிறார். மீதி இரண்டு இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் கார்த்திகைக்குள் வந்து எடுத்துக் கொள்ளலாம். எட்டு அங்குல மண் தொட்டி ஒன்று கொண்டு வாருங்கள், அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.